முதலில் கட்டியது யார்

அறுவை வார்டில் அவளை எல்லாரும் ரெண்டாங்கண் என்பார்கள். வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஓர் அக்காவைச் சேர்த்துக்கொள்வார்கள். வீரியமான மருந்து எதையும் ஒரு நர்ஸ் தனியாகக் கொடுத்துவிட முடியாது. ஒருத்தி எடுக்க வேண்டும், இன்னொருத்தி சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர்கள் இந்த இரண்டாவது வேலையைப் போகிற போக்கில் செய்வார்கள். "பாத்துட்டேன், போடு" என்று தூரத்திலிருந்தே தலையாட்டுகிறவர்களும் உண்டு. இவளோ முதலில் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பாள். பிறகு மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பெயரைப் படிப்பாள், காலாவதித் தேதியைப் படிப்பாள், நோயாளியின் மணிக்கட்டில் கட்டிய பட்டையைப் படிப்பாள், கடைசியில் நோயாளியிடமே பெயரைக் கேட்பாள். கேட்கிற தோரணையில், பிறந்ததிலிருந்து அந்தப் பெயரோடு இருக்கும் மனிதருக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிடும்.

மருந்தின் அளவைக் கணக்குப் போடும்போது அவளுக்கென்று ஒரு சட்டம் உண்டு. முதல் நர்ஸ் விடையை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. "சொல்லாத. நான் தனியாப் போட்டுப் பாக்கறேன். நீ சொல்லிட்டா என் மனசும் அங்கதான் போய் நிக்கும்" என்பாள். நியாயமான சட்டம்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூத்த நர்ஸ் ஒருத்தி "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று நீட்டிய ஊசியை மறுபடி சரிபார்த்து, அது பக்கத்துக் கட்டில்காரருக்கு உரியது என்று அவள் கண்டுபிடித்தாள்.  அதன்பிறகு யார் வந்து சரி என்று சொன்னாலும் அவளுக்கு நெருடத் தொடங்கிவிடும்.

கெட்டது என்னவென்றால், சீருடையோடு சேர்த்து இந்தக் கண்ணையும் அவள் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை. பாலை முகர்ந்து பார்க்காமல் அடுப்பில் வைக்க மாட்டாள். பூட்டிய கதவை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, பஸ் நிறுத்தம் வரை போய், திரும்பி வந்து மறுபடியும் இழுப்பாள். போனில் வரும் தகவல் எல்லாம் ஏமாற்று வேலை என்பது அவளுடைய தீர்மானமான முடிவு. ஆகவே மின்னஞ்சல் பார்ப்பது, பணம் கட்டுவது எல்லாம் கணவர் பொறுப்பு. அவர் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசாத மனிதர். பகலெல்லாம் லிஃப்ட் குழிக்குள் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து, மனைவி அன்றைக்கு யார் யார்மேல் சந்தேகப்பட்டாள் என்ற கதையைச் சாப்பிட்டபடியே கேட்டுக்கொண்டிருப்பார். நடுநடுவே "ம்" என்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நர்ஸிங் கவுன்சில் குண்டைத் தூக்கிப் போட்டது. நர்ஸாக வேலை பார்க்க வேண்டுமானால் கவுன்சிலில் பெயர் பதிந்திருக்க வேண்டும். பதிந்த பெயர் நிலைக்க வேண்டுமானால் வருஷா வருஷம் கட்டணம் கட்ட வேண்டும். அந்தக் கட்டணத்தை ஒன்றரை மடங்காக்கிவிட்டார்கள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம்தான் ஒருமுறை ஏற்றியிருந்தார்கள். சம்பளம் மட்டும் பிடித்துவைத்த மாதிரி அங்கேயே உட்கார்ந்திருந்தது.

செய்தி வந்த அன்று நர்ஸுகள் டீ குடிக்கும் அறையில் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. கதவைத் திறந்தால் ஃபிரிட்ஜில் போய் இடிக்கும் சின்ன அறை அது.

"நம்ம வேலையை நாம செய்யறதுக்கு நாமே காசு கட்டணுமாம். நல்லா இருக்கில்ல?" என்றாள் வாயாடி. அவள்தான் வார்டிலேயே இளையவள், கைக்குழந்தைக்காரி. தூங்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பேசுவாள்.

"பொதுமக்கள் பாதுகாப்புக்காக ஏத்தறோம்னு போட்டிருக்காங்க" என்றாள் பாட்டுக்காரி. "நாம என்ன பொதுமக்களைக் கடிச்சா வைக்கிறோம்?" இவள் ரெண்டாங்கண்ணோடு ஒன்றாகப் படித்து ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவள். காயத்துக்குக் கட்டு மாற்றும்போது மெல்ல ஏதாவது பாடிக்கொண்டே மாற்றுவாள். நோயாளிகள் அவளைக் கேட்டு வாங்குவார்கள்.

"கவுன்சிலுக்குப் புதுக் கட்டடம் வருதாம்."

"வரட்டும். நம்ம பேரையெல்லாம் ஏசி போட்டு உள்ள படுக்க வைப்பாங்க."

சிரித்து முடித்ததும் ரெண்டாங்கண் தன் கப்பைக் கீழே வைத்தாள். "கட்ட வேண்டாம்" என்றாள். "ஒருத்தியும் கட்ட வேண்டாம். கடைசி நாள் வரைக்கும் இழுத்துப் பிடிப்போம். வார்டு மொத்தமும் நின்னா நிர்வாகத்துக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அவங்களே போய்க் கவுன்சில்கிட்ட பேசுவாங்க."

 அதில் இருந்த ஆபத்து எல்லாருக்கும் தெரியும். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் கட்டாவிட்டால் பதிவேட்டிலிருந்து பெயர் விழுந்துவிடும். பெயர் விழுந்தவள் மறுநாள் ஒரு மாத்திரையைக்கூட எடுத்துக் கொடுக்க முடியாது. திரும்பச் சேர்வதற்கு வாரக்கணக்கில் ஆகும், அதுவரை சம்பளமும் கிடையாது. எல்லாரும் நின்றால் பலம். பாதிப் பேர் நழுவினால் மீதிப் பேருக்கு வேலை போச்சு.

"யாராவது கட்டிட்டா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அதுக்குத்தான் சொல்றேன். மருந்துக்கு ரெண்டு பேர் பாக்கறோமில்ல, அதே மாதிரி இதுக்கும் ரெண்டு ரெண்டு பேரா இருப்போம். என்மேல ஒருத்தி கண்ணு வச்சுக்கட்டும், அவமேல நான் வச்சுக்கறேன்."

"எங்கமேல நம்பிக்கை இல்லையாக்கா?" என்றாள் வாயாடி.

"இருக்கு. இருந்தாலும் பாத்துக்குவோம்."

எல்லாரும் சரி என்றார்கள். ரெண்டாங்கண்ணுக்கு ஜோடி பாட்டுக்காரி.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் கணவரிடம், "இந்த வருஷம் எனக்குப் பணம் கட்டிடாதீங்க" என்று ஆரம்பித்து எல்லாக் கதையையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்குத் தன் திட்டத்தின்மேலேயே சந்தேகம் வந்தது.

"தலையை ஆட்டிட்டாங்க எல்லாரும். ஆனா ஒருத்தியும் நிக்க மாட்டா, பாத்துக்கிட்டே இருங்க. பாட்டுக்காரிக்கு வீட்டுக் கடன் இருக்கு, முதல் ஆளா ஓடிப்போய்க் கட்டுவா. அந்த வாயாடிக்கு வாய் மட்டும்தான் நீளம். கடைசியில நான் ஒருத்திதான் நடுத்தெருவில நிக்கப்போறேன்."

"ம்" என்றார் அவர். பிறகு, வழக்கத்துக்கு மாறாக, "அப்ப கட்டிடலாமே" என்றார்.

"கட்டினா நான் என்ன மனுஷி? ஆரம்பிச்சதே நான்தானே?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். வேலை இல்லாமல் வீட்டில் உட்காருவது என்னவென்று அவருக்குத் தெரியும். ஒருமுறை அவருடைய மெக்கானிக் உரிமம் காலாவதியாகி, புதுசு வருவதற்குள் ஒரு மழைக்காலம் முழுக்க வீட்டில் இருந்தார். அந்த நாட்களைப் பற்றி இரண்டு பேருமே பேசுவதில்லை.

முதல் வாரம் நன்றாகவே போனது. பக்கத்து வார்டுகளும் சேர்ந்துகொண்டன. தலைமை நர்ஸ் அதிகாரி அவளைக் கூப்பிட்டு, "கடைசி நாள் மத்தியானம் வாங்க. உங்க வார்டில அதுவரைக்கும் ஒருத்தரும் கட்டாம இருந்தா, நானே ஆஸ்பத்திரி இயக்குநரைக் கூட்டிட்டுக் கவுன்சிலுக்குப் போறேன்" என்றார். அதிகாரி வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததே பெரிது. ரெண்டாங்கண் மாடிப்படியில் இறங்கும்போது ஒரு சின்னப் பெண்ணைப் போல இரண்டிரண்டு படியாகத் தாவினாள்.

அதன்பிறகுதான் ஒவ்வொன்றாக அவள் கண்ணில் படத் தொடங்கியது. அவள் டீ அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. யாராவது ஒருத்தி உடனே வெயிலைப் பற்றிப் பேசுகிறாள். பாட்டுக்காரி கட்டு மாற்றும்போது பாடுவதில்லை. ஒருநாள் நோயாளிக்கு இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. பையில் உள்ள எண்ணை ஒருத்தியும், கையில் உள்ள பட்டையின் எண்ணை இன்னொருத்தியும் படித்து ஒத்துப்பார்க்க வேண்டும். ரெண்டாங்கண் பக்கத்துக் கட்டிலில்தான் இருந்தாள். அவளைத் தாண்டிப் போய் வராந்தாக் கோடியில் இருந்தவளைக் கூட்டிவந்தாள் பாட்டுக்காரி. வாயாடியோ ராத்திரி டியூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு பகலில் முகம் காட்டுவதையே விட்டுவிட்டாள்.

மருந்துக் கணக்கில் அடுத்தவள் சொல்லும் விடையைக் காதில் போட்டுக்கொள்ளாத நம்ம ரெண்டாங்கண், இந்தக் கணக்கில் மட்டும் நிமிஷத்தில் விடையைக் கண்டுபிடித்துவிட்டாள். கட்டிவிட்டார்கள். எல்லாரும் கட்டிவிட்டார்கள். குற்றமுள்ள மனசு, அதனால்தான் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. வாயைத் திறந்து ஒருத்தியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பூசி மெழுகுவார்கள் என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டினாள்.

"நான் சொன்னேனா இல்லையா? மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது."

"ம்."

கணவரும் அந்த நாட்களில் சரியாக இல்லை. கேட்காமலே டீ போட்டுக் கொடுத்தார். பாத்திரம் கழுவினார். அவள் பக்கத்தில் வந்தால் போனைக் கவிழ்த்து வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து கேட்காமல் ஒரு டம்ளரைக்கூட நகர்த்தாத மனிதர் பாத்திரம் கழுவினால் என்ன அர்த்தம்? கடன் கேட்டே பிழைக்கும் தன் தம்பிக்காரனுக்கு மறுபடியும் பணம் கொடுத்துத் தொலைத்திருக்கிறார். அவள் அதையும் கேட்காமல் மனசுக்குள் வைத்துக்கொண்டாள். இந்தப் பதிவு விவகாரம் முடியட்டும், அப்புறம் தம்பிக்காரனைக் கவனித்துக்கொள்ளலாம்.

கடைசி நாளும் வந்தது. மற்றவர்கள் கட்டியிருந்தாலும் தான் கட்டவில்லை, அந்த ஒரு தைரியத்தில் அவள் மத்தியானம் அதிகாரியின் அறைக்குப் போனாள்.  ஐந்து மணிக்குப் பெயர் விழுந்தால் மறுநாளிலிருந்து வீட்டில் இருக்க வேண்டும். ஆனாலும் சொன்ன சொல்லில் நின்றவள் என்று நாலு பேர் முன்னால் தலைநிமிர்ந்து நடக்கலாம். அதற்காகத்தானே இத்தனையும்.

அதிகாரியின் அறைக்கு முன்னால் கிளார்க் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். எந்த நர்ஸ் பணம் கட்டினாலும் கவுன்சிலிலிருந்து அவருக்குத் தகவல் வந்துவிடும்.

"உங்க வார்டா சிஸ்டர்? உள்ள போக வேண்டிய அவசியமே இல்ல. அநேகமா எல்லாரும் கட்டியாச்சு. ஒருத்தங்கதான் பாக்கி."

தெரிந்ததுதான் என்றாலும் நேரில் கேட்டபோது அவளுக்குக் கண் கலங்கியது. "அந்த ஒருத்தி நான்தான்" என்றாள்.

கிளார்க் சுளையை வாயில் போடாமல் நிறுத்தினார். "என்ன சிஸ்டர் இது? முதல்ல கட்டினதே நீங்கதானே. நீங்க எல்லாரும் ஒண்ணாச் சேர்ந்தீங்களே, அதுக்கு ரெண்டாம் நாளே வந்துடுச்சு. நான்கூட உங்க ஃப்ரெண்டுகிட்ட சொன்னேனே, லீடரே கட்டிட்டாங்கன்னு. பாக்கி இருக்கறது அந்தக் கைக்குழந்தைக்காரப் பொண்ணு."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. தம்பிக்காரன் பாவம் என்று முதலில் தோன்றியது. பாத்திரம் கழுவியது, டீ போட்டது, போனைக் கவிழ்த்தது எல்லாம் இப்போது வரிசையாக வந்து நின்றன. வெளியே வந்து கணவருக்குப் போன் போட்டாள். அவர் ஏதோ ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இருந்தார். மணி அடிக்கவே இல்லை.

பாட்டுக்காரி சிகிச்சை அறையில் மாலைக் கட்டுகளுக்குத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எப்பக் கட்டின?" என்று கேட்டாள் ரெண்டாங்கண்.

"நீ கட்டின அடுத்த வாரம்."

"நான் கட்டலை."

ஆபரேஷனுக்கு முன்னால் திருட்டுத்தனமாகச் சாப்பிட்டுவிட்டு, இல்லை என்று சாதிக்கும் நோயாளியைப் பார்ப்பதுபோல் பாட்டுக்காரி அவளைப் பார்த்தாள்.

"என் வீட்டுக்காரர் கட்டியிருக்கார். எனக்கே இப்பத்தான் தெரியும்."

"சரி."

"நம்பலையா நீ?"

"நம்பறேன்." ஊசி போடும் முன் வலிக்காது என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"நீதானே என்னைப் பாத்துக்க வேண்டிய ஆளு. தெரிஞ்ச அன்னைக்கே என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமில்ல?"

பாட்டுக்காரி கையிலிருந்த இடுக்கியைத் தட்டில் வைத்தாள். "கேட்டிருந்தா நீ கட்டலைன்னு சொல்லியிருப்ப. அப்புறம் நாங்களும் கட்ட முடியாம நிக்கணும். உண்மையைச் சொல்றேன், எனக்குக் கோவம் வந்துச்சு. ஆனா அதைவிட நிம்மதிதான் அதிகமா வந்துச்சு. கடனை வச்சுக்கிட்டு ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டிருந்தேன். எல்லாருக்கும் அப்படித்தான். நீ கட்டிட்டன்னு தெரிஞ்சதும் கதவு திறந்த மாதிரி ஆயிடுச்சு."

ரெண்டாங்கண்ணுக்குத் திட்ட வேண்டும்போல் இருந்தது. என்னவென்று திட்டுவது என்றுதான் தெரியவில்லை. "அந்தச் சின்னவகிட்ட ஏன் சொல்லலை?" என்றாள்.

"கிளார்க் அவகிட்டயும் சொன்னார். அவரைப் பிடிபிடின்னு பிடிச்சுட்டா. அக்கா கட்டவே மாட்டாங்க, என்கிட்டயே காது குத்தாதீங்கன்னு கத்திட்டுப் போனா. அப்புறம் எங்க யாரோடயும் அவ பேசறதில்ல. ராத்திரி டியூட்டிக்கு மாறினதே அதுக்குத்தான்."

ஐந்து மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. வாயாடியை அன்றுதான் ராத்திரி டியூட்டியிலிருந்து மாலை டியூட்டிக்கு மாற்றியிருந்தார்கள். ரெண்டாங்கண் உடை மாற்றும் அறை வாசலில் போய் நின்றாள். வாயாடி தோள்பையோடு வேகமாக வந்தாள். இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"பேசிட்டீங்களாக்கா? அதிகாரி என்ன சொன்னாங்க?"

"போனை எடு. முதல்ல பணத்தைக் கட்டு."

"ஏன்?"

"எல்லாரும் கட்டிட்டாங்க. நீ மட்டும்தான் பாக்கி. இப்பக் கட்டலைன்னா நாளைக்கு உனக்கு வேலை இல்ல."

"நான் மட்டுமா? அப்ப நீங்க?"

ரெண்டாங்கண் சொன்னாள். கணவர் கட்டியதையும், தனக்குத் தெரியாது என்பதையும் சொன்னாள். வாயாடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள். கேட்டுவிட்டு "சரிக்கா" என்றாள். அந்த அறையில் போனுக்கு சிக்னல் கிடைக்காது. இருவரும் மாடிப்படி ஜன்னலோரம் போய் நின்றார்கள். வாயாடி இரண்டு முறை தப்பான எண்ணை அழுத்தினாள். பிறகு பணம் போய்ச் சேர்ந்தது. வாயாடி போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வார்டுக்குப் போனாள்.

அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பரவாயில்ல, அடுத்த வருஷம் பாப்போம்" என்றார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

சாயங்காலம் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது வாயாடி பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"நிஜமாவே அவர்தான் கட்டினாராக்கா?"

இந்த வார்டில் தன்னைக் கடைசிவரை நம்பிய ஒருத்தி, தானே உண்மையைச் சொன்ன பிறகு சந்தேகப்படுகிறாள்.  "ஆமா" என்று மட்டும் சொன்னாள். வாயாடி தலையாட்டிவிட்டு நகர்ந்துபோனாள்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தார். அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"யாரைக் கேட்டுக் கட்டினீங்க?"

அவர் மறைக்கவில்லை. "யாரையும் கேக்கலை."

"வார்டே என்னைத் துரோகின்னு நினைக்குது. முதல்ல கட்டினவ நான்னு ஆயிடுச்சு. என்னைப் பாத்துத்தான் எல்லாரும் கட்டியிருக்காங்க. தெரியுமா உங்களுக்கு?"

"என்னது?" அவர் திரும்பினார். உண்மையாகவே அதிர்ந்துபோயிருந்தார். "அவங்க எல்லாம் கட்டிடுவாங்கன்னுதானே நான் கட்டினேன்?"

"யார் சொன்னா உங்களுக்கு?"

"நீதான் சொன்ன. ஒருத்தியும் நிக்க மாட்டா, பாட்டுக்காரி முதல் ஆளா ஓடிப்போய்க் கட்டுவா, நான் மட்டும் நடுத்தெருவில நிப்பேன்னு. உனக்கு ஆளுங்களைத் தெரியும். அவ்வளவு உறுதியாச் சொன்ன. நான் நம்பிட்டேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்றைக்கு யாரும் கட்டியிருக்கவில்லை. அன்றைக்கு எல்லாரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள், பயந்துகொண்டாவது.

"அது ஏதோ ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க" என்றாள்.

அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். "எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். "அதுக்கப்புறமும் தினமும் அதைத்தானே சொன்ன."